ஆல்ட்ரேஷன்காரர் வீட்டு அடுக்களை

திருநெல்வேலியில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு செந்தூர்பாண்டியைத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. வண்ணார்பேட்டை மேம்பாலம் ஏறும்போது இடப்பக்கம் பெரிய பலகையில் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பாரே, அவரேதான். 'செந்தூர் புதுமனை: உங்கள் பழைய வீட்டுக்குள் ஒரு புது வீடு' என்று பக்கத்தில் எழுதியிருக்கும். அவ்வளவு நீளமாகச் சொல்ல ஊருக்கு நேரமில்லை. ஆல்ட்ரேஷன் செந்தூர்பாண்டி என்று சுருக்கிவிட்டது. பலகையில் சிரிப்பவருக்கு நேரில் சிரிப்பவரைவிடத் தலைமுடி அதிகம். அதுவும் நம்ம கம்பெனி ஆல்ட்ரேஷன்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார், மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால்.

அவர் தொழிலில் மேலே வந்ததற்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மற்ற கான்ட்ராக்டர்கள் அளவெடுக்க டேப்போடு வருவார்கள். இவர் ஸ்டூலோடு வருவார். முதல் காரியமாக வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிடுவார். "அண்ணாச்சி, நெல்லையப்பரைப் பாத்து ரொம்ப நாளாச்சுல்லா, ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன்." பிறகு அடுக்களை மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "அக்கா, நீங்க எப்பவும்போல சமையலைப் பாருங்க. நான் இங்கன இல்லைன்னு நெனச்சுக்கிடுங்க."

அன்றைக்குப் பூராவும் பார்த்துக்கொண்டே இருப்பார். எந்தக் கையால் உப்பை எடுக்கிறார்கள், எதற்குக் குனிகிறார்கள், எந்த இடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார்கள். சாயங்காலம் கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எந்த இடத்துல நிக்கும்போது அக்கா ஒங்களுக்குக் கோவம் வருது?"

அவ்வளவுதான். சிலர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து ஆரம்பிப்பார்கள். சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைக் காட்டுவார்கள். செந்தூர்பாண்டி அந்த இடத்தை முதலில் இடிப்பார். அந்த அக்காமார் சொன்னது என்ன என்பதை எந்தப் புருஷனிடமும் சொன்னதில்லை. மகாராஜனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மகாராஜன் அவரிடம் கொத்தனாராக வந்து, கூடப்பிறக்காத தம்பியாக ஆனவன். அவர் பேசுவார், அவன் கட்டுவான். போன வருஷம் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். மாமனாருக்கு உடம்பு சரியில்லை, உடன்குடியில் கருப்பட்டி வியாபாரத்தை அவன்தான் பார்க்கவேண்டும், இனி வர முடியாது என்றான்.  செந்தூர்பாண்டி வேலையாட்கள் அத்தனை பேருக்கும் பிரியாணி போட்டு வழியனுப்பினார். மேடையில்லாத அந்தக் கூட்டத்தில் பேச எழுந்து, பேச முடியாமல், தான் ஆசையாக வாங்கி வைத்திருந்த வெளிநாட்டு ரசமட்டத்தை அவன் கையில் திணித்தார். "கருப்பட்டிச் சிப்பத்தையாவது மட்டம் பாத்து அடுக்குலே" என்று சொல்லி அழுதார்.

மூன்று மாதத்தில் சமாதானபுரம் பக்கம் ஒரு கடை திறந்தது. 'மகாராஜா ஹோம் ஆல்ட்ரேஷன்.' செந்தூர்பாண்டியின் டைல்ஸ் ஆட்கள் இரண்டு பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ரசமட்டமும் அங்கேதான் இருந்தது.

இதெல்லாம் பழைய கதை. ஆறிப்போன கதை என்றுதான் அவரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தச் செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில் பெருமாள்ராஜின் டைல்ஸ் கடைக்குப் போகும்வரை.

கோமு மாமி வீட்டு வேலைக்குச் சாம்பிள் பார்க்கப் போயிருந்தார். கோமு மாமி ஓய்வுபெற்ற டீச்சர். ஆற்றங்கரையில் பெரிய வீடு. அந்த வேலை கிடைத்துவிட்டால் அந்தத் தெருவே கிடைத்தமாதிரி.

பெருமாள்ராஜ் கல்லாவில் இருந்தபடியே போனை நீட்டினார். "என்னவே, ஒம்ம சிஷ்யன் ஸ்டேட்டஸ் பாத்தீரா?"

"எனக்கு வராதுவே. என் நம்பரை மறைச்சு வச்சிருக்கான்."

"அப்ப இதப் பாரும்."

படத்தில் ஓர் அடுக்களை. மேலே 'முன்' என்று எழுதியிருந்தது. அடுத்த படம் கம்ப்யூட்டரில் வரைந்தது, அதில் 'பின்'. கீழே, 'வருகிற வெள்ளிக்கிழமை வேலை ஆரம்பம், தச்சநல்லூர்'. செந்தூர்பாண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இது அடுக்களையா, இல்ல உம்ம கடைச் சாம்பிள் பலகையாவே? ஒரு செவுத்துல நாலு தினுசு டைல்ஸ்! இங்கன பூப்போட்டது, அங்கன கோடு போட்டது. செவுத்து ஈரம் பாரும், உலகப் படம் மாதிரி ஓதம் ஏறியிருக்கு. எவன்வே இந்த வீட்டுக்காரன்? இப்பிடி ஒரு இடத்துல பொண்டாட்டியச் சமைக்க விட்டவனை நிக்கவச்சு..."

பெருமாள்ராஜ் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பூப்போட்ட டைல்ஸ், பேட்டை டாக்டர் வீட்டில் மிஞ்சியது. கோடு போட்டது, கல்யாண மண்டபக்காரர் வீட்டில் மிஞ்சியது. பச்சை, யாரோ வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது. மிஞ்சியதையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் ஒட்டியவர் செந்தூர்பாண்டி. ஜன்னலில் தொங்கிய, சட்டி இறக்கும் பிடிதுணி, அவர் மனைவி பிரேமலதாவின் பழைய நைட்டியைக் கிழித்தது.

"முதல்லயே தெரியுமாவே உமக்கு?"

"தெரியும். நீரு பேசுதது நல்லா இருந்துச்சு, அதான் விட்டேன்" என்றார் பெருமாள்ராஜ். கடைப் பையன்கள் டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார்கள்.

ஸ்கூட்டர் ஆற்றுப்பாலத்தைத் தாண்டித் தச்சநல்லூர் போய்ச் சேர்ந்தது எப்படி என்று செந்தூர்பாண்டிக்குத் தெரியாது. வழியெல்லாம் ஒரே கணக்குத்தான். வெள்ளிக்கிழமை மகாராஜனின் ஆட்கள் தன் வீட்டுக்குள் கடப்பாரையோடு நுழைந்தால், சனிக்கிழமை ஊரில் யார் தன்னை வீட்டுக்குள் விடுவார்கள்? அதற்குள் பிரேமலதா அந்த வேலையை அவனிடமிருந்து திரும்ப வாங்கியாக வேண்டும். தன்னிடம் தந்தாக வேண்டும்.

பிரேமலதா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கு உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா?"

"தெரிஞ்சுபோச்சா? அவன் மறைச்சுப் போட்டிருக்கேன்னு சொன்னானே." அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மறைச்சா? பாளையங்கோட்டை பூராவும் சிரிக்குது. கட்டின பொண்டாட்டி, முதுகுல குத்திட்டுப் போனவனைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ள விட்டிருக்க. என்கிட்ட கேட்டா நான் செஞ்சு தந்திருக்க மாட்டேனா?"

"கேட்டேன்."

"எப்பக் கேட்ட?"

"ஓதம் ஏறினப்பக் கேட்டேன், அடுத்த மாசம்னிய. ஸிங்க் ஓட்டையானப்பக் கேட்டேன், டாக்டர் வீட்டு வேலை முடியட்டும்னிய. பெறவு ஒங்க ஆபீசுக்கே போன் போட்டேன்."

"ஆபீசுக்கா?"

"கஸ்டமர் மாதிரிப் பேசினேன். தச்சநல்லூர்ல ஒரு அடுக்களை, பழுது பாக்கணும்னேன். போனை எடுத்த பிள்ளை ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சு. 'சார் ரொம்ப பிஸி மேடம், சின்ன வேலை எல்லாம் இப்ப எடுக்கதில்ல'ன்னுச்சு."

 அந்தப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லச் சொல்லிக்கொடுத்தது செந்தூர்பாண்டிதான். போன தீபாவளிக்கு அதற்காகவே தனியாக ஒரு சுடிதாரும் எடுத்துக்கொடுத்திருந்தார்.

"சரி, விடு. நாளைக்கே நான் ஆரம்பிக்கேன். அவன் வேண்டாம்னு சொல்லிரு."

"வெள்ளிக்கிழமைதான் நாள் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் கீரையை அலசப் போனாள்.

மறுநாள் மகாராஜனைத் தேடிப் போனார். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு வாசலில் மணல் சலிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், இவரைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டான். அந்த மரியாதைதான் செந்தூர்பாண்டிக்கு எரிச்சலைக் கிளப்பியது. துரோகம் செய்கிறவன் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டே செய்தால் என்ன?

"வாங்க அண்ணாச்சி. டீ சொல்லட்டா?"

"உடன்குடியில கருப்பட்டி எல்லாம் எப்பிடிலே போகுது?"

மகாராஜன் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லிட்டுப் போனா விட்டிருப்பியளா அண்ணாச்சி?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்."

"அதுக்காக ரசமட்டத்தை வாங்கிட்டுப் போவியாலே? அன்னைக்கு எப்பிடி அழுதேன் தெரியுமா?"

"நானும்தான் அழுதேன். அது நெசம் அண்ணாச்சி." அவன் குரல் தாழ்ந்தது. "திருப்பிக் குடுக்கணும்னு எத்தனையோ தடவை கிளம்பினேன். ஒங்க தெரு முனைக்கு வந்ததும் வெக்கமா இருக்கும். திரும்பிருவேன். மயினியே கூப்பிட்டதாலதான், நீங்க இல்லாத நேரமாப் பாத்து வீட்டுக்கு வந்தேன்."

"சரி. வெள்ளிக்கிழமை வேலையை விட்டுரு. எல்லாத்தையும் மறந்துருதேன்."

"மயினி சொன்னா விட்டுருதேன்."

"மயினி என் பொண்டாட்டிலே!"

"எனக்கு அவுக கஸ்டமர் அண்ணாச்சி."

அடிக்கக் கை ஓங்கலாமா என்று செந்தூர்பாண்டி யோசித்தார். மணல் சலிக்கிறவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கையை அப்படியே விட்டுவிட்டு, தொழிலில் தாக்கினார். "பிளான் போட்டிருக்க பாரு பிளான்! மேல ஒரு அலமாரி உண்டா, பரண் உண்டா? எல்லாத்தையும் இடுப்புக்குக் கீழ வச்சிருக்க. சின்னப் பிள்ளையள் சொப்பு வச்சு விளையாடதுக்கா? இதையா நான் ஒனக்குச் சொல்லிக்குடுத்தேன்?"

மகாராஜன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் ஏளனம் இருந்திருந்தால் செந்தூர்பாண்டிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பரிதாபப்பட்டான்.

"ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான். பிறகு, "அதை நீங்க மயினிகிட்டதான் கேக்கணும் அண்ணாச்சி."

வீட்டுக்குப் போகும் வழியில் ஆபீசில் நின்று ஸ்டூலை எடுத்துக்கொண்டார். எத்தனையோ வீடுகளைப் பார்த்த ஸ்டூல், சொந்த வீட்டு அடுக்களைக்குள் அன்றுதான் வந்தது. மூலையில் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன கோலம்?" என்றாள் பிரேமலதா.

"நீ சமையலைப் பாரு. நான் இங்கன இல்லைன்னு நெனச்சுக்க."

"அது எனக்குப் பழக்கம்தான்."

உலை வைத்தாள். பருப்பைக் களைந்தாள். நான்கு தினுசு டைல்ஸுக்கு நடுவே அவள் நடமாடுவதை, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. புளி எடுக்க அவள் மேல் அலமாரிக்குத் திரும்பியபோதுதான் அவருக்கு உறைத்தது. வலது கைக்காரி, இடது கையை உயர்த்தினாள். வலது கை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. ஜாடி எட்டவில்லை. அகப்பைக் காம்பால் அதை விளிம்புவரை இழுத்து, நெஞ்சில் சாய்த்து வாங்கிக்கொண்டாள். அதை அவள் செய்த வேகத்தைப் பார்த்தால் ரொம்ப நாள் பழக்கம் என்று தெரிந்தது.

"அந்தக் கைக்கு என்ன?"

"தோள்பட்டை இறுகிப்போச்சு. காதுக்கு மேல தூக்க முடியாது."

"எப்பருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். இப்பப் பரவாயில்ல. தலை சீவ முடியுது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி பண்ணிட்டு வாரேன்."

"யாரு கூட்டிட்டுப் போறா?"

"கலைச்செல்வி."

கலைச்செல்வி மகாராஜனின் மனைவி. அவன் உடன்குடிக்குப் 'போன' பிறகும், போட்டியாகக் கடை திறந்த பிறகும், செந்தூர்பாண்டி அவன் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மாதங்கள் பூராவும், அவள் இந்த வீட்டுக்கு வந்து இவளை டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவருக்குத் தெரியாமல் ஒரு குடும்பம் நடந்திருக்கிறது. அதில் மகாராஜன் இருக்கிறான், கலைச்செல்வி இருக்கிறாள், பஸ் கண்டக்டர்கூட இருக்கிறான். தான் மட்டும் இல்லை.

"எல்லாருமாச் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கிய" என்றார். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தார். குரல் வேறு மாதிரி வந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"மொத வலி வந்தன்னைக்குச் சொன்னேன். தைலம் தேய்னு சொல்லிட்டு போனை எடுத்துட்டு வெளிய போயிட்டிய. போன்ல யாரோ ஒரு அக்காகிட்ட, 'கை எட்டாத இடத்துல எதையும் வைக்கக்கூடாது அக்கா'ன்னு சொல்லிட்டு இருந்திய. நான் கேட்டுட்டுத்தான் நின்னேன்."

உலை பொங்கியது. அவள் தீயைக் குறைத்தாள். செந்தூர்பாண்டிக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான். ஊரெல்லாம் கேட்டதை இப்போது கேட்டார், தொழில் குரலை விட்டுவிட்டு, பைய.

"பிரேமா, ஒனக்கு எந்த இடத்துல நிக்கும்போது கோவம் வருது?"

அவள் புளியைத் தண்ணீரில் போட்டுக் கரைத்தாள்.

"மகாராஜன் கேட்டான். சொல்லிட்டேன்" என்றாள். "அதை ஒருதரம்தாங்க சொல்ல முடியும். இன்னொருதரம் சொன்னா பொய் மாதிரி இருக்கும்."

வெளியே வந்து மகாராஜனுக்குப் போன் போட்டார். "என்னலே சொன்னா?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் சிமெண்ட் மிக்ஸர் ஓடும் சத்தம். பிறகு, "அதை வீட்டுக்காரருட்ட சொல்லக்கூடாதுல்லா அண்ணாச்சி" என்றான். அவன் கிண்டல் பண்ணவில்லை. அவருடைய பாடத்தை அவருக்கே ஒப்பித்தான். செந்தூர்பாண்டி போனை வைத்தார். இத்தனை வருஷத்தில் தான் நெல்லையப்பர் கோயிலுக்கு அனுப்பிவைத்த புருஷன்மார் அத்தனை பேரும் பிராகாரத்தில் வரிசையாக நின்று தன்னை வரவேற்பதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை கோமு மாமி போனில் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா செந்தூர்பாண்டி, உங்காத்து அடுக்களையையே வேற யாரோ பண்ணப்போறானாமே? எங்காத்துக்காரர் எங்கேயோ கேட்டுண்டு வந்தார். நெஜமா?"

இதற்கு அவர் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். நல்ல பதில். நம்ம பழைய பையன் மாமி, பிழைச்சுப்போகட்டும்னு நான்தான் குடுத்தேன், என்பது அது. பெருமாள்ராஜிடம் சொல்லிப் பார்த்தபோது அவர்கூட நம்பிவிட்டார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நெசந்தான் மாமி. என் வீட்டுக்காரி அவன்ட்ட குடுத்துட்டா."

"ஏனாம்?"

"அவன் வந்து உக்காந்து கேட்டான் மாமி. நான் கேக்கல."

 "அப்போ, தப்பா நெனச்சுக்காதே, நானும் அவனையே ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கட்டுமா?"

"கூப்பிடுங்க மாமி. அடுக்களை வேலை அவன் நல்லாச் செய்வான்."

"நீ ஒரு அசடு" என்றாள் மாமி, அன்பாக. அன்பு இருந்தது, வேலை போய்விட்டது. மகாராஜன் நம்பரையும் செந்தூர்பாண்டியே சொன்னார். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மகாராஜன் ஆட்களோடு வந்தான். இரண்டு பேரும் பழைய செந்தூர் புதுமனை ஆட்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காம்பவுண்டுச் சுவரை அளப்பதுபோல் நின்றார்கள். பாத்திரமெல்லாம் முன்னறையில் குவிந்திருந்தது. மகாராஜன் சம்மட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டான். முதல் அடி வீட்டுக்காரர் கையால் விழவேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். செந்தூர்பாண்டி பழக்கதோஷத்தில் சம்மட்டியை வாங்கி வீட்டுக்காரரிடம் கொடுக்கக் கை நீட்டினார். நீட்டிய பிறகுதான், கொடுப்பதற்கு வேறு ஆளில்லை என்று தெரிந்தது.

"நீங்கதான் அண்ணாச்சி" என்றான் மகாராஜன்.

"அவ அடிக்கட்டும். அவ அடுக்களை."

"என்னால தூக்க முடியாதுல்லா" என்றாள் பிரேமலதா. "அடிங்க, நேரம் போகுது."

அடி விழவேண்டியது அடுக்களைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவரில். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், தொழில் பழகின திமிரில், செந்தூர்பாண்டி தன் கையால் கட்டியது. சும்மா சாஸ்திரத்துக்கு ஒரு தட்டுத் தட்டினார். சுவர் பாதி அப்படியே உட்கார்ந்துவிட்டது. செங்கல்லுக்கு நடுவிலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது. சிமெண்ட் என்ற ஒன்று அந்தப் பக்கமே வந்திருக்கவில்லை. சுவரும் கட்சி மாறிவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

ஆட்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மகாராஜன் உதட்டைக் கடித்துக்கொண்டு, "இது யாரு கட்டினது அண்ணாச்சி?" என்றான்.

"எவனோ ஒரு திருட்டுப்பய. நாலு வீட்டுல மிஞ்சின மணலை வச்சுக் கட்டியிருக்கான்."

பிரேமலதா சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். சொன்னது அவர். ஆனால் அவள் மகாராஜனைப் பார்த்துத்தான் சிரித்தாள். அவனும் அவளைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்பில் போய்வந்தது. அது தனக்குத் தெரியாது என்பதும், இனி தெரியப்போவதில்லை என்பதும் செந்தூர்பாண்டிக்குப் புரிந்தது.

"தள்ளி நில்லுங்க, தூசி. அவுக வேலையப் பாக்கட்டும்" என்றாள்.

முன்னறையில் ஃபிரிட்ஜுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் போய் நின்றார். இடிக்கிற வீட்டில் தனக்கு வேலையில்லாமல் நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. உள்ளே அடி விழ ஆரம்பித்தது. சத்தத்தை வைத்தே எந்தக் கல் அடுத்து விழும் என்று அவரால் சொல்ல முடிந்தது. இடப்பக்கம் போனார்கள். அங்கே சுவருக்குள் வயர் ஓடுகிறது. அவரே இழுத்த வயர், எந்தப் பிளானிலும் இல்லாதது. இழுத்த அன்று பிரேமலதாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பைய அடிலே!" என்று கத்த வாயெடுத்தார்.

அதற்குள் அவள் குரல் உள்ளேயிருந்து வந்தது. "மகாராஜா, இடப்பக்கம் பாத்து. அங்கன வயர் போகுது. அவுக போட்டது."

செந்தூர்பாண்டி வாயை மூடிக்கொண்டார்.